வங்கி பிடித்த கட்டணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி? மும்பைத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும்: ஒரு மாதம் 94 ரூபாய், இன்னொரு மாதம் 590, சில சமயம் நாலாயிரம் என்று வங்கி பிடித்திருக்கும். தாராவியில் பட்டறை வைத்திருப்பவருக்கு இது ஓ.டி. கணக்கில், அதாவது இருப்புக்கு மேலும் ஒரு வரம்பு வரை எடுக்கவிடும் ஓவர்டிராஃப்ட்டில் நடக்கும். முலுண்டிலிருந்து ரயிலேறி வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளக் கணக்கில் நடக்கும். சேமிப்பு, ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் (சரக்கையும் பாக்கியையும் காட்டி எடுக்கும் தொழில் கடன்) கணக்குகளில் விழும் கட்டணங்களும் அவற்றின் மேல் எழும் புகார்களும் மட்டுமே இங்கே பேசப்படுகின்றன. ஓ.டி.பி. திருட்டு, ஆன்லைன் மோசடி எல்லாம் தனி விவகாரம்.

புரியாத பிடித்தம் ஒன்று இருக்கிறது. நேராகக் கிளைக்குப் போய்க் கேட்டால் போதுமா?

போகலாம், வெறுங்கையோடு போகாதீர்கள். பாஸ்புக்கில் விவர வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். நெட் பேங்கிங்கில் அந்த மாதத்துக்கும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கும் ஸ்டேட்மென்ட்டை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். ஜூனில் விழுகிற கட்டணம் பெரும்பாலும் மே மாதத்துக் குறைக்கானது. ஜூன் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒட்டவே ஒட்டாது.

கிளையில் கேட்க வேண்டியவை மூன்று. கட்டணப் பட்டியலின் எந்த வரிப்படி பிடித்தீர்கள்? பிடிப்பதற்கு முன் எனக்கு எப்போது, எப்படித் தெரிவித்தீர்கள்? தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள்? "சிஸ்டம் எடுத்துக்கிச்சு" என்று பதில் வந்தால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் பேசியதற்கு எங்கேயும் பதிவு இருக்காது.

"இவ்வளவு கட்டணம் அநியாயம்" என்று வழக்குப் போட முடியாதா?

போடலாம், பெரும்பாலும் தோற்பீர்கள். கட்டணம் அதிகம் என்பது ஒரு வாதம். விதிப்படி பிடிக்கவில்லை என்பது வேறொரு வாதம். முதலாவதை நீதிமன்றமும், வங்கிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரும் எளிதில் தொடமாட்டார்கள்.

வங்கி வாங்கும் வட்டி விகிதம் மிக அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. கிரெடிட் கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்திலும் வங்கியின் வணிக முடிவு பற்றிய புகார் ஏற்கப்படாது என்று தனி விதியே இருக்கிறது. "கட்டணம் ரொம்ப ஜாஸ்தி" என்று எழுதிய புகார் இந்த விதியில்தான் போய் விழும்.

பிரிட்டனிலும் இதே கதைதான். அனுமதியில்லாமல் ஓவர்டிராஃப்ட்டுக்குள் போனால் வாங்கும் கட்டணத்தை எதிர்த்து அந்நாட்டு நியாய வர்த்தக அலுவலகம் அபே நேஷனல் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அந்தக் கட்டணம் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, விலை தகுமா தகாதா என்பதை நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் ஆராய முடியாது என்று 2009 நவம்பர் 25 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் 2020 ஏப்ரலில் அந்தக் கட்டண முறையை மாற்றியது நீதிமன்றம் இல்லை, ஒழுங்குமுறை அமைப்பு.

ஆகவே தொகையை விட்டுவிட்டு, பிடித்த விதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் வங்கிகள் அடிக்கடி தடுக்கி விழுகின்றன.

மினிமம் பேலன்ஸ் இல்லையென்று பிடித்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

2014 நவம்பர் 20-இல் வெளியிட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி இது. இருப்பு குறைந்துவிட்டது, இன்ன தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் கட்டணம் விழும் என்று எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வங்கி முதலில் தெரிவிக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அந்தக் குறையின் விகிதத்தில்தான் கட்டணம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே மொத்தத் தொகை என்பது கூடாது.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மாதச் சராசரி என்பது ஒவ்வொரு நாள் முடிவிலும் இருந்த இருப்பைக் கூட்டி நாட்களால் வகுத்தது. 10,000 ரூபாய் சராசரி வேண்டிய கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் மாதத்தில் 20 நாள் 12,000 இருந்தது, ஊருக்கு அனுப்பிய பிறகு 10 நாள் 2,000 இருந்தது. 2,40,000 + 20,000 = 2,60,000. முப்பதால் வகுத்தால் 8,666.67. குறை 1,333.33 ரூபாய். கட்டணப் பட்டியலில் குறையின் 6 சதவீதம் என்றிருந்தால் 80 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 14.40, ஆக 94.40. ஸ்டேட்மென்ட்டில் 590 விழுந்திருந்தால் உங்கள் கேள்வி தயாராகிவிட்டது.

பலர் கோட்டை விடும் இடம், ஒருநாள் இருப்பு குறைந்தாலே அபராதம் என்று நினைத்துப் பயப்படுவது. சராசரி என்பதால் மாத முதல் வாரத்தில் பெரிய தொகை கிடந்தால் கடைசி வாரத்தில் கணக்கு காலியானாலும் தப்பலாம்.

ஸ்டேட் வங்கி இந்தக் கட்டணத்தை 2020 மார்ச்சிலேயே கைவிட்டது. கனரா வங்கி 2025 ஜூன் முதல் நிறுத்தியது. சம்பளம் வராத பழைய கணக்கு எதுவாவது தனியார் வங்கியில் கிடந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். வேலை மாறி, சம்பளம் சில மாதம் வராமல் போனால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறி, மினிமம் பேலன்ஸ் விதிக்குள் வந்துவிடும். குறைந்தபட்ச இருப்பே வேண்டாம் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லலாம். அதில் மாதம் நான்கு முறை பணம் எடுப்பது இலவசம்.

கட்டணம் பிடித்துப் பிடித்து கணக்கு மைனஸில் போய்விட்டது. அந்தப் பணத்தைக் கட்ட வேண்டுமா?

மினிமம் பேலன்ஸ் கட்டணத்தால் மட்டும் மைனஸ் ஆனது என்றால் வேண்டாம். அந்தக் கட்டணத்தால் சேமிப்புக் கணக்கு எதிர்மறை இருப்புக்குப் போகக் கூடாது என்று மேலே சொன்ன 2014 விதியிலேயே இருக்கிறது. கணக்கை மூடப் போகும்போது "முதல்ல மைனஸைக் கட்டுங்க" என்று சொன்னால் இந்த விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். செக் திரும்பிய கட்டணம் போன்ற வேறு காரணத்தால் மைனஸ் ஆனதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் நீங்கள் எதுவும் செய்யாமல் கிடந்த கணக்கு செயலற்றது. அதில் இருப்புக் குறைக்கு அபராதம் விதிக்கக் கூடாது, திரும்ப இயங்கவைக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது.

ஈ.எம்.ஐ. பவுன்ஸ் ஆனதற்கு இரண்டு இடத்தில் பிடிக்கிறார்களே?

ஆமாம், உங்கள் வங்கி ஒரு முறை, கடன் கொடுத்த நிறுவனம் ஒரு முறை. இரண்டும் தனித்தனி ஒப்பந்தம் என்பதால் அது மட்டுமே தவறு ஆகாது. ஆனால் சில கடன் நிறுவனங்கள் ஒரே தவணையை ஒரே மாதத்தில் மூன்று முறை வங்கிக்கு அனுப்பிப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கி கட்டணம் போடும். தவணையை எந்தெந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது, தவணை 5-ஆம் தேதி என்றால் தேதியை மாற்றக் கேட்பது சண்டையை விட மலிவு.

செக் திரும்பினால், தவறு உங்களுடையதாக இருந்தால்தான் கட்டணம் விதிக்கலாம். ஸ்கேன் தெளிவில்லை, வங்கியின் தொழில்நுட்பக் கோளாறு போன்ற காரணங்களுக்கு உங்கள் தலையில் கட்டக் கூடாது. திரும்பிய செக்கோடு வரும் காரணச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், தகராறே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. செக் திரும்பியதற்கான அபராதத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கையில் மறைமுக வரி வாரியம் விளக்கியிருக்கிறது. வரியும் சேர்த்துப் பிடித்திருந்தால் அதையும் கேளுங்கள்.

தொழிலுக்கு 10 லட்சம் லிமிட்டில் கேஷ் கிரெடிட் இருக்கிறது. லிமிட்டைத் தாண்டவே இல்லை, ஆனால் அபராதம் விழுகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். விடை டிராயிங் பவர் (சுருக்கமாக டி.பி.) என்பதில் இருக்கிறது. லிமிட் 10 லட்சம் என்றால் எப்போதும் 10 லட்சம் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை (சரக்கு, பாக்கி விவரப் பட்டியல்) வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி கணக்கிடும்.

ஒரு தோல் பை பட்டறையை எடுத்துக்கொள்வோம். கையிருப்புத் தோல், பக்கிள், தைத்து முடித்த பைகள் சேர்த்து 8 லட்சம். அதில் 2 லட்சத்துச் சரக்குக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை, அதைக் கழித்தால் 6 லட்சம். வங்கி பாதுகாப்புக்காகக் கழிக்கும் பங்கான மார்ஜின் 25 சதவீதம் போனால் 4,50,000. வரவேண்டிய பாக்கியில் 90 நாளுக்குள் உள்ளது 4 லட்சம், அதற்கு மார்ஜின் 40 சதவீதம் என்றால் 2,40,000. டி.பி. 6,90,000. இவர் 8 லட்சம் எடுத்திருந்தால், லிமிட்டுக்குள் இருந்தாலும் டி.பி.யை 1,10,000 தாண்டிவிட்டார். அபராதம் ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் 31 நாளுக்குச் சுமார் 187 ரூபாய்.

விவகாரம் பெரிதாவது ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்காமல் விட்டால். அப்போது சில வங்கிகளின் மென்பொருள் டி.பி.யைப் பூஜ்யமாக்கிவிடும். முழு 8 லட்சமும் அதிகப்படியாக எடுத்ததாகக் கணக்காகி, அதே 31 நாளுக்கு 1,359 ரூபாய் விழும். நீங்கள் கொடுத்தும் கிளையில் பதிவு செய்ய மறந்திருந்தால் அந்தத் தொகை முழுக்கத் திரும்ப வரவேண்டியது. அதனால் ஸ்டேட்மென்ட்டை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அல்லது இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன் என்பது எந்த ஆணையத்திலும் சாட்சியாக நிற்காது.

இதைச் சோம்பலாக விடுவதன் விலை அபராதத்தோடு முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து டி.பி. ஓடினால் கணக்கு ஒழுங்கற்றதாகும். அது தொடர்ந்து 90 நாள் நீடித்தால் வாராக்கடன் ஆகும். லிமிட்டைப் புதுப்பிக்காமல் 180 நாள் போனாலும் அதே கதிதான்.

அபராதத்துக்கும் சேர்த்து வட்டி போடுகிறார்கள். சரியா?

தவறு. 2023 ஆகஸ்ட் 18 ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் நிபந்தனையை மீறியதற்கு வாங்குவது அபராதக் கட்டணமாக இருக்க வேண்டும், கூடுதல் வட்டியாக இருக்கக் கூடாது. அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏறவும் கூடாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு வெகு முன்பே, 2001-இல், அபராத வட்டியை அசலோடு சேர்க்கக் கூடாது என்று சென்ட்ரல் பேங்க் எதிர் ரவீந்திரா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு 2023 விதி பொருந்தாது.

ஓ.டி. கணக்கில் இது எப்படி மீறப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அபராதத்தை அதே கணக்கில் பற்று வைப்பார்கள். உடனே நிலுவை கூடும். மறுநாளிலிருந்து மொத்த நிலுவைக்கு வட்டி ஓடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கணக்கின் அமைப்பே அப்படி. மேலே சொன்ன 1,359 ரூபாய் 11 சதவீதத்தில் ஒரு வருடம் கிடந்தால் கிட்டத்தட்ட 150 ரூபாய் வட்டி. மாதாமாதம் அபராதம் விழுகிற கணக்கில் இது சேர்ந்துகொண்டே போகும். அபராதத்தைத் தனிக் கணக்கில் காட்டுங்கள், ஏற்கெனவே ஏறிய வட்டியைத் திருப்புங்கள் என்று கேளுங்கள்.

அபராதத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. பிடித்திருந்தால் அதுவும் தப்பு. கடன் நிபந்தனை மீறலுக்கான அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2025 ஜனவரி 28 சுற்றறிக்கை சொல்கிறது. இன்ஸ்பெக்ஷன் கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம் போன்ற சேவைக் கட்டணங்களுக்கு வரி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதினால் புகாரே பலவீனமாகும்.

ஓ.டி. பாக்கிக்காக என் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஒரே வங்கியில், ஒரே பெயரில், ஒரே தகுதியில் உள்ள கணக்குகளுக்கு இடையே ஈடுகட்டும் உரிமை வங்கிக்கு உண்டு. ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவும் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரமும் அதற்குத் துணை. மனைவியோடு சேர்ந்த கணக்கிலிருந்து உங்கள் தனிக் கடனுக்கு எடுத்தார்களா, கடன் காலக்கெடு வருமுன் எடுத்தார்களா, பத்திரத்தில் சொன்ன அறிவிப்பைக் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

வங்கிக்குப் புகார் எப்படி எழுதுவது?

சுருக்கமாக, தேதிகளோடு. உணர்ச்சி வேண்டாம், "பல வருட வாடிக்கையாளன்" என்ற முன்னுரையும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"கணக்கின் கடைசி நான்கு இலக்கம் இன்னது. ஜூலை 4 அன்று 590 ரூபாய் குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டது. ஜூன் மாதச் சராசரி இருப்பு என் கணக்குப்படி 8,666.67 ரூபாய், கணக்கீடு இணைப்பு 1. உங்கள் கட்டணப் பட்டியல்படி கட்டணம் 94.40 ரூபாய்தான் வர வேண்டும். மேலும் ஒரு மாத முன்னறிவிப்பு எனக்கு வரவில்லை, அனுப்பியிருந்தால் தேதியும் எண்ணும் காட்டவும். 590 ரூபாயைப் பிடித்த தேதியிட்டே திரும்ப வரவு வைக்கவும்."

விதியின் தேதியைச் சொல்லலாம், ஆனால் சுற்றறிக்கை எண்ணையே நம்பி நிற்காதீர்கள். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளைத் தொகுத்துப் புதிய வழிகாட்டுதல்களாக வெளியிட்டது. "அந்த எண் ரத்தாகிவிட்டது" என்ற பதிலுக்கு இடம் கொடுக்காமல் விதியின் பொருளை எழுதுங்கள்.

பொதுத்துறை வங்கி என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்கான பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் வங்கியிடம் இந்த வழி இல்லை.

ரிசர்வ் வங்கிக்கு எப்போது போவது?

வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லாவிட்டால், அல்லது கிடைத்த பதில் திருப்தியில்லை என்றால். நேராக ரிசர்வ் வங்கிக்கு எழுதிய புகார் படிக்காமலே மூடப்படும். நிறையப் பேர் தோற்பது இந்த முதல் படியில்தான். பதில் வந்த நாளிலிருந்து ஒரு வருடம், பதிலே வராவிட்டால் புகார் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் 30 நாள் என்று 2021 ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் கெடு வைத்தது. வரம்புகள் அவ்வப்போது மாறும், போடுகிற அன்று ரிசர்வ் வங்கித் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புகாரை ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். தளத்தில் பதியலாம், சண்டிகர் செக்டார் 17-இல் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். மும்பையில் இருக்கிறோம் என்பதற்காகக் கோட்டைக்கோ பைகுலாவுக்கோ அலைய வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது. உங்களுக்காக வக்கீல் போட முடியாது, நீங்களோ வக்கீல் அல்லாத உங்கள் பிரதிநிதியோ எழுதலாம். வங்கிக்குக் கொடுத்த புகார், புகார் எண், பதில், ஸ்டேட்மென்ட் பக்கம், கட்டணப் பட்டியலின் அந்தப் பக்கம் ஆகிய ஐந்தும் போதும், ஐம்பது பக்கம் ஏற்றாதீர்கள்.

இந்தி, ஆங்கிலம் சிரமம் என்றால் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம், அலுவலக நேரத்தில் அழையுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது நல்லதா?

சேமிப்புக் கணக்குக்கு நல்ல வழிதான். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். கணக்கு திருநெல்வேலிக் கிளையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டம் அனுமதிக்கிறது. தாராவி, மாட்டுங்கா, சயான் மும்பை நகர மாவட்டம். செம்பூர், முலுண்ட் புறநகர் மாவட்டம். இதை மாற்றிப் போட்டால் ஒரு வாய்தா வீண். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

தொழில் ஓ.டி. என்றால் நிலைமை வேறு. ஷேர் தரகர் ஒருவர் தன் ஓவர்டிராஃப்ட் தகராறை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோனார். லாபத்துக்காகத் தொழிலை விரிவாக்க வாங்கிய வசதி அது, அவர் நுகர்வோரே அல்ல என்று 2022 பிப்ரவரியில் ஸ்ரீகாந்த் மந்திரி எதிர் பஞ்சாப் நேஷனல் பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் 'கோச்சடையான்' படத்தின் பிந்தைய தயாரிப்புப் பணிக்காக வாங்கிய கடன் தொடர்பான வழக்கிலும் இதே காரணத்தால் கடன் வாங்கிய நிறுவனம் வெளியே அனுப்பப்பட்டது.

தப்பிக்க ஒரு வாசல் உண்டு. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் எடுத்த சேவை வணிக நோக்கில் சேராது. ஒருவர் தானே உழைத்து, துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று 1995-இல் கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இரண்டு மெஷின் போட்டுத் தானே தைக்கிறவர் இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும், பிறகு சேர்த்தால் எடுபடாது. இருபது ஆள் வைத்திருப்பவர் ரிசர்வ் வங்கித் திட்டத்தையே நம்பலாம், அங்கே தொழில் கணக்கு என்பதற்காகத் தள்ளுவதில்லை. ஒரே புகாரை இரண்டு இடத்திலும் ஓட்ட முடியாது.

தகராறு நடக்கும்போது ஓ.டி.யை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

மாற்றலாம், தேதி பார்த்துச் செய்யுங்கள். 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கிய அல்லது புதுப்பித்த ஓ.டி., கேஷ் கிரெடிட் கணக்கைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கெடுவுக்கு முன்பே தெரிவித்து, கெடு நாளில் மூடினால் முன்கூட்டி மூடிய கட்டணம் வாங்கக் கூடாது. நடுவில் மூடினால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள்.

கட்டாத கட்டணத்தைக் காட்டி சிபில் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

பணத் தகராறும் சிபில் திருத்தமும் இரண்டு தனிப் புகார்கள், தனித்தனியே பதியுங்கள். கடன் தகவல் திருத்தம் 30 நாளில் முடியாவிட்டால் அதன் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும்.

குறைதீர்ப்பாளர் எனக்குச் சாதகமாக உத்தரவு போட்டால் பணம் தானாக வருமா?

வராது. 2021 திட்டப்படி உத்தரவை முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற கடிதத்தை 30 நாளுக்குள் வங்கிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு காலாவதியாகிவிடும். அந்தக் கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்டு, அது குறைவாகக் கிடைத்திருந்தால் ஏற்புக் கடிதம் அனுப்புமுன் மேல்முறையீடு பற்றி முடிவு செய்யுங்கள், அதற்கும் 30 நாள்தான்.